கில்ற் அணிந்த அண்ணரும் நான் சாத்திய கதவும்

என் அண்ணரை ஒருமுறை என் வீட்டு வாசலில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவரைப் போல, "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நினைவு மலரில் இப்படியா தொடங்குவது என்று என் மகன் கேட்டான். அண்ணரின் நற்குணங்களை மற்றவர்கள் எழுதுகிறார்கள். அந்த நற்குணங்களை அதிகம் சோதித்தவன் நான் என்பதால் இதை நானே எழுதவேண்டியிருக்கிறது.

அண்ணர் கரவெட்டியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் சேர ஆசைப்பட்டார். சீருடை எடுக்க வீட்டில் வசதி இருக்கவில்லை. அப்பா நோயில் விழுந்ததும் படிப்பை விட்டுக் கடையொன்றில் வேலைக்குப் போனார். அவர் உழைக்க நான் படித்தேன். பின்னர் ரொறன்ரோவுக்கு வந்து, பகலில் தொழிற்சாலை, மாலையில் உணவகம் என்று நின்று, என்னையும் என் குடும்பத்தையும் இங்கே அழைப்பித்தவரும் அவரே.

ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு தேவாலயத்தோடு சேர்ந்த சாரணர் படையில் அண்ணர் தன் மகனைச் சேர்த்தார். ஸ்கொட்லாந்துக்காரர் தொடங்கிய படை அது. அவர்களுடைய சீருடையில் கில்ற்றும் உண்டு. முழங்கால் வரை வரும் கட்டம் போட்ட மடிப்புடை. மகன் சில காலம் போய்விட்டு ஹொக்கிக்கு மாறிவிட்டான். கூட்டிக்கொண்டு போன அண்ணர் அங்கேயே தங்கிச் சாரணத் தலைவரானார்.

முதல் அணிவகுப்பன்று, சேலை கட்டிய அனுபவத்தில் அண்ணி, "கொசுவம் முன்னுக்குத்தான் வரவேணும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். கில்ற்றின் மடிப்புகள் பின்னுக்கு வரவேண்டும் என்பது இருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் வரிசையாக நிற்க, மூத்த தலைவர் ஒருவர் அண்ணரை மெல்ல அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கட்டிவிட்டாராம்.

முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரத்தைப் பெரியவர்களைக் கண்டதும் இறக்கிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். கில்ற்றை எப்படி இறக்குவது? கடைத்தெருவில் வயதானவர் யாரும் எதிரே வந்தால் அண்ணரின் கை தானாக இடுப்புக்குப் போகும். இறக்க முடியாது என்பது நினைவுக்கு வந்ததும் அதே கையால் சல்யூட் அடித்துவிடுவார். அஜின்கோர்ட்டில் அரைவாசிப் பேர் அவரை ஓய்வுபெற்ற இராணுவத்தினர் என்றே நம்பியிருந்தார்கள்.

படித்தவன் என்ற நினைப்பில் இருந்த எனக்கோ மானம் போனது.

"அண்ணை, உந்தப் பாவாடையைக் காருக்குள்ளயாவது மாத்தக் கூடாதோ?"

"காருக்குள்ள இருந்து உடுப்பை உரிஞ்சா பொலிஸ் பிடிக்கும். இது யூனிபோம் தம்பி. நான் போட்ட முதல் யூனிபோம்."

என் மகனுக்குச் சம்பந்தம் பேசப் பக்கத்து நகரான மார்க்கத்திலிருந்து பெண்வீட்டார் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மூத்தவராக இருந்து பேசவேண்டியவர் அண்ணர். அன்று காலை அணிவகுப்பு இருந்தது. நேரம் பிந்திவிட்டதால் உடை மாற்றாமல், அண்ணி சுட்ட பயித்தம் பணியாரப் பெட்டியோடு நேரே வந்துவிட்டார்.

பெண்ணின் தகப்பனார் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "ஆர் உது, பாவாடையோட ஒராள் வாறார்?"

"சேர்ச் ஆக்கள். நன்கொடைக்கு வாறவை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்: "இன்றைக்கு வேண்டாம் ஐயா, நன்றி."

அண்ணர் என்னைப் பார்த்தார். என் காலடியில் வரிசையாகக் கிடந்த விருந்தினரின் சப்பாத்துகளைப் பார்த்தார். மூன்று விரலால் சல்யூட் வைத்து, "ஓகே சேர்" என்றார். பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வெட்கம் கெட்ட நான் அந்தப் பணியாரத்தையே எடுத்து வந்து விருந்தினருக்குக் கொடுத்தேன்.

"இஞ்சத்தைச் சேர்ச் ஆக்கள் பயித்தம் பணியாரமும் சுடுகினமோ?" என்று பெண்ணின் தாயார் கேட்டார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன்.

கலியாண வீட்டில் பட்டுவேட்டியோடு நின்ற அண்ணரைச் சம்பந்தி உற்றுப் பார்த்தார். "நீங்கள் அண்டைக்கு வந்த சேர்ச் ஆள் எல்லோ?"

"ஓம், அது பார்ட் டைம்" என்றார் அண்ணர், சிரிக்காமல்.

பெரியப்பாவாக நின்று கலியாணத்தைச் சிறப்பாக நடத்தி வைத்தார். ஆனால் என் வீட்டுப் படி மட்டும் ஏறவில்லை. என்னைத் தம்பி என்று அழைப்பதையும் நிறுத்திவிட்டார். வந்தால் காரை வாசலில் நிறுத்தி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, போனில் கூப்பிடுவார்.

"உள்ள வாங்கோ அண்ணை."

"வேண்டாம் சேர். சப்பாத்துக் கழட்டுறது கரைச்சல்."

பனி கொட்டும் நாட்களிலும் என் மனைவி தேத்தண்ணியைக் காருக்குக் கொண்டுவந்து தருவாள். சொந்த வீட்டுக்கு முன்னால், அண்ணரின் காருக்குள் இருந்து அதைக் குடிப்பேன். இப்படிப் பல வருடங்கள் போயின.

வாயால் மன்னிப்புக் கேட்டால் "அது எப்பவோ முடிஞ்ச விஷயம் சேர்" என்று தள்ளிவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆகவே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருடைய படையில் உதவியாளராகச் சேர்ந்தேன். கில்ற் ஒன்றும் வாங்கினேன். இலையுதிர் காலத்தில் சாரணர்கள் ஆப்பிள் கொடுத்து நிதி சேர்ப்பது வழக்கம். நாங்கள் நின்றது தமிழ்க் கடை ஒன்றின் வாசலில். காற்று எங்கெல்லாம் நுழையும் என்பதை அன்று அறிந்தேன்.

"அண்ணை, வேட்டி தோய்ச்சுச் சுருங்கிட்டுதோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் மரக்கறி வாங்க வந்த ஒரு பெண்மணி.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வந்து சேர்ந்தார். ஓடி ஒளிய ஆசையாக இருந்தது. ஆனாலும் அவர் கையில் ஓர் ஆப்பிளைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "அண்டைக்கு அண்ணை நன்கொடைக்கு வரேல்லை. சம்பந்தம் பேச வந்தவர். நான்தான் வெக்கத்தில கதவைச் சாத்தினனான்."

"தெரியும் சம்பந்தி. உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. ஜன்னலுக்காலயே பிடிபட்டது."

"பிறகேன் பொம்பிளையைத் தந்தனீங்கள்?"

"உங்களைப் பாத்தெண்டால் தந்திருக்க மாட்டன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் பணியாரத்தை வைச்சிட்டுப் போனார் பாருங்கோ. அப்பிடி ஒரு ஆள் இருக்கிற குடும்பம் எண்டுதான் தந்தனான்."

அண்ணர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஆப்பிள் பெட்டி வெறுமையாகும் வரை வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தபடி நின்றார். பிறகு, "தம்பி, கால் விறைக்குது. வீட்டில தேத்தண்ணி இருக்கோ?" என்றார். அன்று கில்ற்றோடு என் வீட்டுக்குள் வந்து நடுச் சோபாவில் அமர்ந்தார். அந்த உடையில் மரியாதையாக எப்படி உட்காருவது என்று எனக்கும் காட்டித் தந்தார். நான் அதைப் பழகும்வரை என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் எங்களுக்குக் கிடைத்த காலம் குறைவு. மருத்துவமனையில் கொடுத்த கவுணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பின்பக்கமே இல்லை. இதைப் போடுற ஆக்களோ என்ர கில்ற்றைப் பாத்துச் சிரிச்சவை?" என்றார். சில நாட்களில் அமைதியாகக் கண்மூடினார்.

இறுதிவரை அவரைத் தாங்கிய அண்ணிக்கும், பராமரித்த மருத்துவர்கள், தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த மோர்னிங்சைட் அயலவர்களுக்கும், இறுதிக் கிரியையில் தோள் கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும், அண்ணரின் முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசத்தன்று, மதிய உணவுக்கு அண்ணரின் சாரணப் பிள்ளைகளும் என் வீட்டுக்கு வருகிறார்கள். வேறு உடையில் வரட்டுமா என்று அவர்களுடைய தலைவி கேட்டார். சீருடையிலேயே வரச் சொல்லியிருக்கிறேன். முதற்பந்தி அவர்களுக்கு. உங்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், அண்ணர் கோபிக்கமாட்டார். வாசலில் உங்கள் எல்லோரையும் வரவேற்க நானும் அதே உடையில்தான் நிற்பேன். என் முழங்கால்களை மட்டும் பொறுத்தருள வேண்டுகிறேன்.