குட்டையாக நின்ற ஸ்டாண்ட்

ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று காலை, சைட்டில் கால் வைத்ததுமே என் கண்ணில் பட்டது பேஸ் ஸ்டேஷன்தான். என் மார் உயரத்துக்கு இருக்க வேண்டிய ஸ்டாண்ட் இடுப்பளவில் நின்றது. மேலே இருந்த கருவிக்குச் சந்தனம், குங்குமம், வாடிப்போன சாமந்தி மாலை.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, கழுவெளி ஏரித் தண்ணீர் உப்பளத் தொழிலாளர்களின் தெருவுக்குள் புகாமலிருக்க ஒரு மண்கரை போட்டுக்கொண்டிருந்தோம். நான் சர்வேயர். அந்த வெட்டவெளியில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது என்று கம்பெனியே சொந்தமாக ஒரு ஜிபிஎஸ் பேஸ் வாங்கி வைத்திருந்தது. தரையில் பதித்த ஓர் ஆணிக்கு நேர் மேலே அது நிற்கும். அது ரேடியோவில் அனுப்பும் திருத்தத்தை வைத்துத்தான் மண் தள்ளும் டோசர் தன் உயரத்தைக் கணக்குப் போடும். ஸ்டாண்டை ஏற்றினாலும் இறக்கினாலும் புது உயரத்தைக் கருவிக்குள் போட வேண்டும். போடாமல் இறக்கினால், டோசர் தான் மேட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மண்ணைத் தாழ வழித்துவிடும்.

"யாரு இதை எறக்கினது?" என்று கத்தினேன்.

டோசர் ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே வந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கரைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் கடைசி வீடு அவருடையது.

"நான்தான் மேடம். எல்லா மிஷினுக்கும் படைச்சிட்டு இதுக்கு மட்டும் படைக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? பொம்பளைங்களுக்குப் பொட்டு வைக்க எட்டல, அதான் எறக்கினேன். அப்புறம் பாத்தா, குட்டையா இருந்தா காத்துக்கு ஆடாம நிக்குது. அப்படியே வுட்டுட்டேன். ஆணிக்கு நேர் மேலதான் இருக்குது, பாருங்க."

ஆணிக்கு நேர் மேலேதான் இருந்தது. மட்டக்குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது. அவ்வளவு அக்கறையாகத் தப்புப் பண்ணினால் எப்படித் திட்டுவது?

"என்ன காரியம்ணா பண்ணி வச்சிருக்கீங்க! நான் இல்லாதப்ப எதுவரைக்கும் கரை போட்டீங்க?"

"எங்க தெரு பக்கம் ஃபுல்லா முடிச்சிட்டேன் மேடம். மழைக்கு முன்ன முடிக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

மேனேஜருக்கு போன் போட்டேன். "எல்லா மிஷினும் ஒரே லெவல்தானே காட்டுது? அப்புறம் என்னம்மா?" என்றார். குழம்பில் உப்பு குறைந்தால் எல்லா இலையிலும்தான் சார் குறையும் என்றேன். மழை விட்டதும் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். மனுஷனா அவர்!

தூறலாகத் தொடங்கிய மழை எங்கே விடுகிறது? நேரம் போகப் போக வலுத்தது. மண் லாரி வரும் பாதை அதற்குள் சேறாகிவிட்டது. ஒரு லாரி அச்சு வரை புதைந்து கிடந்தது. பக்கத்து ஊர் அனுமந்தையில் படகுகளை ரோட்டோரம் வரை இழுத்துக் கட்டிவிட்டார்கள் என்று டீ கொண்டு வந்தவர் சொன்னார். கழுவெளி சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் மண்ணில் குத்தியிருந்த குச்சிகள் மதியம் பார்த்தபோது காணவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒவ்வொரு பெருமழைக்கும் அந்தத் தெரு மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். இந்த முறை யாரும் நகரவில்லை. "நான் போட்ட கரை இருக்குது, ஒருத்தரும் போக வேணாம்" என்று ஆபரேட்டர் அண்ணாவே வீடு வீடாகச் சொல்லியிருந்தார். நான் போய்க் கிளம்பச் சொன்னால் சிரித்தார்கள்.

"எங்க வூட்டு ஆளு போட்ட கரைம்மா. அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

கரை தாழ்ந்திருப்பதை அவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மட்டம் சரியென்று டோசர் ஸ்க்ரீனில் பச்சை காட்டியது, பச்சை காட்டியது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி அவர் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"வாயால சொன்னா எப்படி மேடம்? கண்ணுல காட்டுங்க, கெளம்புறோம்."

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூபைக் கொண்டு வந்து தண்ணீர் நிரப்பினேன். முன்பு வந்த வெள்ளம் நின்ற கோடு அவர்கள் வீட்டுச் சுவரில் பழுப்பாகத் தெரிந்தது. ட்யூபின் ஒரு முனையில் தண்ணீர் அந்தக் கோட்டுக்குச் சரியாக நிற்கும்படி பிடித்துக்கொண்டேன். மறுமுனையிலும் தண்ணீர் அதே உயரத்தில்தான் நிற்கும். மறுபடி அப்படி ஒரு வெள்ளம் வந்தால் கரையில் அதுவரைக்கும் ஏறும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு அவளே மறுமுனையோடு கரை உச்சியில் ஏறினாள். ட்யூபைத் தன் காலோடு ஒட்டி நிறுத்தினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

ட்யூபில் தண்ணீர் அவள் கொலுசுக்கு மேலே நின்றது.

இறங்கி வந்தாள். "கொழந்தைய குடுங்க."

"இருடி, டோசரை வச்சு இருக்கிற மண்ணைத் தள்ளிடுறேன்..."

"குடுங்கன்னேன்ல."

வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் கூடப் போகாமல் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். அதன் பிறகுதான் ஒவ்வொரு வீடாகப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

அவர் டோசரில் ஏறி, கிடைத்த மண்ணையெல்லாம் தள்ளிப் பார்த்தார். ஈர மண் நிற்காமல் வழிந்தது. சாயங்காலம் தண்ணீர் கரையைத் தாண்டி, முதலில் அவர் வீட்டுக்குள்தான் நுழைந்தது. பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை.

பள்ளிக்கூட வராந்தாவுக்கு உடம்பெல்லாம் சேறாக வந்தார். குழாயடியில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு அவளிடம் போய், "கொஞ்ச நேரம் குடேன்" என்று கை நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு தாவியது. அவள் கொடுக்கவில்லை.