உப்புக் கொஞ்சம் குறைவு

என்னுடைய சாப்பாட்டுப் பெட்டி ஒன்று போய்விட்டது. சாதாரண நீலப் பிளாஸ்டிக் பெட்டிதான். திருட்டுப் போகவில்லை. யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் கேட்டு வாங்க எனக்கு வாய் வராது. ஏன் என்று சொல்கிறேன்... கேட்டபின் என்னைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகத்தான் நினைப்பீர்கள். பரவாயில்லை.

போன மாதம் என் தங்கச்சி வசந்தி முள்ளியவளையில் சைக்கிளோடு விழுந்து காலை முறித்துக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயதில், பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று சைக்கிளில் பறந்தால் வேறென்ன நடக்கும்? இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. நான் தினமும் பதினொரு மணி பஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டோடு போவேன்.

பக்கத்துக் கட்டிலில் பரமேஸ் அக்கா. அறுபது வயது இருக்கும். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, காலில் ஆறாத புண். ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். பார்க்க ஒருவரும் வருவதில்லை. அது விதைப்புக் காலம் — அவருடைய கணவர் மாடுகளை விட்டுவிட்டு அசைய முடியாது. மாடு அடுத்தவன் வயலில் இறங்கினால் என்ன சண்டை நடக்கும் என்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் வசந்தியின் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தேன். அடுத்த நாள் முதல் அவருக்கென்று தனியாக அந்த நீலப் பெட்டி. மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். வீட்டில் சொன்னேன். எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொன்னேன்!

பரமேஸ் அக்கா பெட்டியைத் திறந்தார். ஒரு வாய் வைத்தார்.

“தங்கச்சி, சொதிக்குத் தேசிக்காய்ப் புளி கூடிப் போச்சு.”

மூன்றாம் நாள் — “கத்தரிக்காய் வடிவா வேகேல்லை.”

நான்காம் நாள் — “இந்த மீன் ஒரே முள்ளு. நாளைக்கு மரக்கறியாக் கொண்டாங்கோ.”

கொண்டாங்கோவாம்! ஆர்டர் போடுகிறார்!

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வீட்டில அத்தானிட்டக் குறை கேக்கிறது காணாதெண்டு இஞ்சயும் வந்து கேக்கிறாய், என்னக்கா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிய எழும்பி, தேங்காய் துருவி, பஸ்ஸில் இடிபட்டு... ஒரு “பெரிய உதவி தங்கச்சி” என்று சொன்னால் வாய் வலிக்குமா? அன்று முழுக்க அதையே நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை வசந்தி போன் எடுத்தாள். “அக்கா, இண்டைக்கு மத்தியானம் என்னை எக்ஸ்ரேக்குக் கொண்டு போகினம். நான் இஞ்ச தாற சாப்பாட்டைச் சாப்பிடுறன். நீ பின்னேரமா வா.”

சரி. அப்படியானால் பரமேஸ் அக்காவுக்கு? யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். அவருக்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு இருக்கிறதே... ஒரு நாள் அதைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும், அப்போது தெரியும் என் சமையலின் அருமை. இப்படித்தான் நினைத்தேன். பதினொரு மணி பஸ் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதை, உடுப்புக் காயப்போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணிக்கு மறுபடி போன்.

“அக்கா, பரமேஸ் அக்கா வேர்த்து விறுவிறுத்து மயங்கிப் போனாவாம். நான் எக்ஸ்ரேயால வரேக்குள்ள எல்லாரும் சுத்தி நிக்கினம்.”

சாப்பாட்டுக்கு முன்பு போடும் இன்சுலின் ஊசி போட்டாயிற்று. ஆஸ்பத்திரிச் சாப்பாடும் நேரத்துக்கு வந்திருக்கிறது. அவர்தான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

“ஏனாம்?”

“‘எனக்கு வீட்டுச் சாப்பாடு வருது’ எண்டு சொன்னவாவாம்.”

நேர்ஸ்மார் ஓடிவந்து குளுக்கோஸ் கொடுத்து எழுப்பிவிட்டார்களாம். இப்போது பயமில்லையாம். வீட்டுச் சாப்பாடு! அவர் வீடு என்று சொன்னது நான் சமைக்கிற குசினியை. அங்கே நான் ரோசத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

பின்னேரம் சோறும் மரக்கறியுமாக ஓடினேன். பரமேஸ் அக்கா முகம் வெளிறிப்போய்த் தலையணையில் சாய்ந்திருந்தார். நான் வாயைத் திறக்க முன்பு அவரே கேட்டார்.

“என்ன தங்கச்சி, பஸ் வரேல்லையோ?”

“ஓம் அக்கா... பஸ் வரேல்லை.”

பஸ் வந்தது. நேரத்துக்கே வந்தது. நான்தான் வரவில்லை.

அவர் பெட்டியைத் திறந்து ஒரு வாய் வைத்தார். “உப்புக் கொஞ்சம் குறைவு,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அட, இதுக்கேன் அழுறியள்? நாளைக்குக் கொஞ்சம் கூடப் போட்டாச் சரிதானே!”

திரும்பி வரும்போது யோசித்தேன். இருபத்தாறு வருடமாக என் கணவருக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறேன். ஒரு நாளாவது நன்றி என்று சொல்லியிருப்பாரா? “சீனி காணாது” என்பார். அதற்காகத் தேத்தண்ணியை நிறுத்தினேனா? வீட்டில் எல்லோரும் அப்படித்தான், குறை மட்டும் வாய் நிறைய வரும். ஊருக்கு ஒன்று கொடுக்கும்போதுதான் நமக்கு நல்ல வார்த்தை தேவைப்படுகிறது. அது கிடைக்காவிட்டால் கோபமும் வருகிறது. நாலு நாள் கொடுத்தால் ஐந்தாம் நாள் ஒருவர் நம்பிக் காத்திருப்பார் என்பது அந்தக் கோபத்தில் மறந்துபோகிறது.

அதன்பிறகு ஒரு நாளும் பதினொரு மணி பஸ்ஸை விடவில்லை. கடந்த வாரம் போனபோது பரமேஸ் அக்காவின் கட்டில் வெறுமையாக இருந்தது.

“துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிட்டினம். அவவின்ர மனுசன் விடியவே வந்து கூட்டிக்கொண்டு போட்டார்,” என்றாள் வசந்தி. “மருந்துக் குளிசையளைப் போட்டு வைக்க நல்லதெண்டு உன்ர நீலப் பெட்டியையும் கொண்டு போட்டா.”

“ஏதும் சொன்னவாவே?” பாருங்கள், அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை!

“ஓம். மூடியைக் காணேல்லையெண்டு ஏசிக்கொண்டு போனவா.”

மூடி என் பையில் இருந்தது. முந்தின நாள் பெட்டியை அங்கே விட்டுவிட்டு, மூடியை மட்டும் மறதியாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மழைக்காலம், குளிசைக்கு ஈரம் பிடிக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டான் பஸ்ஸில் போய் மூடியைக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன்.

அன்றைக்கு பஸ் வந்தது என்பதையும் சொல்லிவிட்டு.