லூயிசா டீச்சர் எப்படி?

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ஒருவரைப் பற்றி "ஆள் எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நல்லவர், கெட்டவர் என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லைன் வீடு, அப்பா சுரங்கத்தில் எந்த ஷாஃப்டில் இறங்கினார், எந்த ஷிஃப்ட் பார்த்தார், இப்போது அந்த வீட்டிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போய் வருவது யார் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்தப் பழக்கம் மட்டும் போனபாடில்லை. லூயிசாவுக்கு ஜோஸைப் பேசி முடித்ததும் இப்படித்தான். "பையன் எப்படி?" "அவங்கப்பா எலக்ட்ரீஷியன், நைட் ஷிஃப்ட்." இதைக் கேட்டுத்தான் அவள் கழுத்தை நீட்டினாள். வீட்டில் சின்னதாக ஒரு சண்டை என்றாலும், பால் வாங்கி வருகிறேன் என்று அந்த மனுஷன் பக்கத்து ஊர் ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் நழுவிவிடுவான் என்பதை ஒரு புண்ணியவானும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் பாலுக்குக் குறைச்சலே கிடையாது.

கல்யாணத்துக்குப் பிறகு பல வருஷம் லூயிசாவும் விடிகாலை ரயில்தான். பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் ஆபீஸ் வேலை. திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். போதுமடா சாமி என்று ஆனபோது, எப்போதோ படித்து வைத்த டீச்சர் டிரெயினிங் ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்குத்தான். வருஷக் கடைசியில் தலைமை ஆசிரியை தங்கம்மா வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை தொடரும், இல்லாவிட்டால் மறுபடி அந்த ரயில்தான். அந்தக் கம்பியை நினைத்தாலே லூயிசாவுக்குக் கை வலித்தது.

கதையைப் படித்து, அதில் வருகிறவர்களின் குணத்தைப் பற்றி எழுதச் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு ஒரு வெறி. அவளே ஒரு கதை கட்டினாள். ஊருக்குப் போகிற அக்கம்பக்கத்தார் தேன்சட்டியைக் கரடியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கரடி நக்கி நக்கித் தீர்த்துவிட்டு, தேன் ஒட்டிய மீசையோடு, எறும்பு தின்றுவிட்டது என்கிறது. கரடி எப்படிப்பட்டது, எழுதுங்கள் என்றாள். பிள்ளைகள் அக்கறையாக எழுதின. "கரடி நம்ம மாரிகுப்பம்தான். அதோட தாத்தா மைன்ஸ்ல ஆளுங்களை இறக்குற கேஜ் ஓட்டினவர்" என்று சுமா எழுதியிருந்தாள். "கரடி எங்க பெரியம்மா வீட்டுக்குப் பின்னாடி லைன்" என்பது சரத். பவனின் கரடி பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போய் வந்தது.

லூயிசா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஊர்ப் புத்தி எங்கே போகும்? ஆனால் விடவில்லை. "அது எங்க இருக்குதுன்னு நான் கேக்கலை. அது இன்னா செய்யுது, இன்னா பேசுது? அதை வெச்சு ஆள் எப்படின்னு சொல்லணும். எப்படித் தெரியும்னு கேட்டா, இதோன்னு காட்டணும்." தினமும் இதே பாட்டுத்தான். யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வி அவள் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒருநாள் சரத் எழுந்து, "கரடி பொய் சொல்லும் டீச்சர். எறும்பு தின்னுச்சுன்னு சொல்லும்போது அது மீசையில தேன் கீது" என்றான். லூயிசாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

தங்கம்மா வந்த நாளில் பாடம் அருமையாகத்தான் போனது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர், எழுந்து முன்னால் வந்தார்.

"கரடி கெடக்கட்டும் பசங்களா. உங்க டீச்சர் எப்படி? அதைச் சொல்லுங்க."

"நல்லவங்க மிஸ்" என்று ஒரே குரலாகக் கத்துவார்கள், கிளம்பிவிடலாம் என்றுதான் அவர் கேட்டார். லூயிசா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். கடவுளே, இன்றைக்கு ஒருநாள் இதுகள் ஊர் வழக்கப்படி எந்த லைன், யார் வீட்டு மருமகள் என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா?

பவன் எழுந்தான். "பொய் சொல்லுவாங்க மிஸ்."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டது தங்கம்மா இல்லை. லூயிசாவேதான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போன வாரம் லேட்டா வந்துட்டு ஆட்டோ பஞ்சர்னு சொன்னாங்க. அவங்க வீடு பின்னாடி லைன்ல கீது மிஸ். நடந்துதான் வருவாங்க."

அடுத்தது சுமா. "கோவக்காரங்க. ஒருவாட்டி டஸ்டரை விசிறினாங்க, ஜன்னல் வழியா போயிடுச்சு. இன்னும் கெடைக்கலை."

சரத் சும்மா இருப்பானா? "பயந்துக்குவாங்க மிஸ். உங்க செருப்புச் சத்தம் கேட்டா டீ கிளாஸை மேப்புக்குப் பின்னாடி மறைச்சிடுவாங்க. இப்பகூட அங்கதான் கீது."

வகுப்பு மொத்தமும் இந்தியாவைத் திரும்பிப் பார்த்தது. தங்கம்மாவும் பார்த்தார். மேப்பின் ஓரத்தில், சுவர் மாடத்தில் இருந்த கிளாஸின் விளிம்பு எட்டிப் பார்த்தது.

ஒரு முறை முறைத்தால் போதும், மூன்றும் கப்சிப் என்று உட்கார்ந்துவிடும். லூயிசாவுக்கு அது தெரியும். ஆனால் முறைக்க மனசு வரவில்லை. பாவிகள், ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லையே. பரீட்சையாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பாள். ரயில் கம்பி கண் முன்னால் ஆடியது. பேசாமல் சுவரோரமாக நின்றாள்.

தங்கம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் பசங்களா, நல்லதா ஒண்ணுகூடவா இல்ல?"

சுமா மெதுவாக மறுபடி எழுந்தாள்.

"நல்லவங்க மிஸ்."

"எப்படித் தெரியும்?" இந்த முறை கேட்டது தங்கம்மாதான்.

"இம்மாம் நேரம் உங்ககிட்ட இதெல்லாம் சொன்னோம். ஒருத்தரைக்கூட உக்காருன்னு சொல்லலை."

தங்கம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு லூயிசா பக்கம் திரும்பி, "ஜூன்ல அஞ்சாம் கிளாஸையும் நீங்களே பாத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

லூயிசாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று போர்டு பக்கம் திரும்பி, ஒன்றுமே எழுதாத இடத்தைத் துடைத்தாள்.

பின்னால் பவன் கையைத் தூக்கினான். "டீச்சர், நீங்க இப்போ..."

"உக்காருடா" என்றாள் லூயிசா.