இட்லி பூதத்துக்கு ஒரு சதுரம்

எங்கள் பக்கம் கம்பளிப் போர்வைக்கு ஒரு வேலையும் கிடையாது. திருவொற்றியூரில் மார்கழி மாதத்திலும் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறோம். அப்படிப்பட்ட வீட்டில், ஆடி மாதப் புழுக்கத்தில், மடி நிறைய உல்லன் நூலைப் போட்டுக்கொண்டு என் மனைவி போர்வை பின்ன உட்கார்ந்தாள். மகளுக்குக் கோத்தகிரி பக்கத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன்.

"கடைப் போர்வைக்கு நம்ம பொண்ண தெரியுமா மாமா?" என்றாள்.

அவள் ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் கற்றுக்கொண்டவள். போர்வையை ஒரே துண்டாகப் பின்னமாட்டாள். ஒரு சாண் அகலச் சதுரங்களாகப் பின்னி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பாள். வரிசைக்கு ஐந்து, மொத்தம் ஏழு வரிசை. நட்ட நடுவில் வரும் சதுரத்தில் மட்டும் பூ வேண்டாம், மகளுக்கென்று ஏதாவது உருவம் போட வேண்டும் என்று அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். மற்ற முப்பத்து நாலும் முடிந்த மறுநாள், மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு இறங்கியவள் படியில் வழுக்கி வலது மணிக்கட்டில் கட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மகள் ரயில் ஏறப் பத்து நாள்தான் இருந்தது.

"நீ போடு" என்று ஊசியை என் கையில் திணித்தாள். "வலை பின்னுன கைதானே."

அது உண்மைதான். நான் பிறந்தது நெட்டுக்குப்பத்தில். இப்போது கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க்காகப் பெட்டிகளின் எண்களை எழுதிக்கொண்டிருந்தாலும், பதினெட்டு வயதுவரை அண்ணனோடு உட்கார்ந்து வலை பின்னியும் கிழிசல் தைத்தும் இருக்கிறேன். ஒரு சாண் சதுரம் என்ன பிரமாதம் என்று நினைத்தேன். என்ன உருவம் போடுவது என்று யோசிக்கக்கூட இல்லை. இட்லி பூதம்தான்.

இட்லி பூதம் யாரென்று சொல்ல வேண்டும். மகள் சின்னவளாக இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் முன்னால் உட்கார வைத்து, நெட்டுக்குப்பத்திலேயே இருந்து கடலுக்குப் போகிற அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போவேன். எண்ணூர் நெருங்கினாலே அனல்மின் நிலையத்தின் பெரிய கூலிங் டவர்கள் தெரியும். இடுப்பு சிறுத்து, வாய் அகன்று, மேலே ஆவி பறக்க நிற்கும். அது என்ன என்று ஒருநாள் கேட்டாள். பூதத்தோட இட்லிக் குண்டான் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வாராவாரம் கதை வளர்த்தாக வேண்டிய கட்டாயம். பூதத்துக்குத் தொப்பை வந்தது, முறுக்கு மீசை வந்தது, தலையில் துண்டு வந்தது. பக்கத்து ஊர் அத்திப்பட்டு முழுக்கச் சாம்பல் விழுவது ஏனென்றால் அது கரி அடுப்பில் சமைக்கிறது, வீட்டுக்காரியிடம் தினமும் திட்டு வாங்குகிறது. கதை என்றால் வாய்க்கு வந்ததுதான். போன வாரம் சொன்னது இந்த வாரம் எனக்கே நினைவிருக்காது.

பத்து வயதுக்கு மேல் அவள் பூதத்தைக் கேட்கவில்லை. வண்டியில் முன்னால் உட்காரவும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்தால் அப்படித்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசி நாலைந்து வருடமாக எங்கள் பேச்சு 'சாப்ட்டியா', 'ரீசார்ஜ் பண்ணிட்டியா' என்பதோடு முடிந்துவிடுகிறது. நான் கேட்பேன், அவள் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பாள். அவள் கிளம்பும் முன் ஒரே ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமல், பார்த்ததும் அவளுக்கு அந்தப் பூதத்தை அடையாளம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மட்டும்தான் நடந்தவை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இது என்னவென்று மகளிடம் மூச்சு விடக்கூடாது.

"தெரிலன்னா இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"மூஞ்ச தொங்கப் போட்டுகினு ஒரு வாரம் சுத்துவ" என்றாள். என்னை இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறவள்.

மகளுடைய பழைய கணக்கு நோட்டிலிருந்து கிராஃப் தாள் ஒன்றைக் கிழித்துப் பென்சிலால் கட்டம் கட்டமாகப் பூதத்தை வரைந்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி. நீல நூல் ஆகாயம், சாம்பல் நிற நூல் பூதம். வீட்டில் மகள் இருப்பதால் யார்டில் சாப்பாட்டு நேரத்தில் பின்னினேன். டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர் ஜன்னலில் தலையை விட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா தல, ஸ்வெட்டரா?"

"போர்வை."

"உனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்றவர், மறுநாள் வந்து தன் வண்டி ஸ்டியரிங்குக்கு ஒரு உறை பின்னித் தர முடியுமா என்று விசாரித்தார்.

மூன்று நாளில் முடித்துவிட்டேன். பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி அதை வாங்கி மற்றொரு சதுரத்தின் மேல் வைத்தாள். அவளுடையது ஒன்பது அங்குலம். என்னுடையது ஏழு. தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது, பூதம் நசுங்கிப் போயிருந்தது.

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மீனு தப்பிச்சி பூடும்னு பயமா மாமா? இப்டி இறுக்கிக் கீற."

தப்பு அதுதான். வலையில் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பூட்ட வேண்டும், ஒன்று தளர்ந்தாலும் கண் விரிந்து வலை வீண். என் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். குரோஷாவிலோ நூலை விட்டுப் பிடிக்க வேண்டும். "ஊசி தானா வழுக்கினு போணும், நீ இழுக்காத" என்று மகள் தூங்கிய பிறகு மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். நானும் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வரிசையில் இழுத்திருப்பேன். எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் பெரிய ஊசியில் மறுபடி பின்னினேன். இந்தத் தடவை எட்டு அங்குலம் வந்தது. நாள் இல்லாததால், சுற்றிலும் மஞ்சள் நூலில் கரை கட்டி ஒன்பதாக்கச் சொன்னாள். முகத்தில் கறுப்பு நூலால் இரண்டு கண் தைத்தேன், மீசையை நன்றாக முறுக்கிவிட்டேன். பூதம் கொஞ்சம் குள்ளமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. மனைவி இடது கையால் சதுரங்களை அடுக்கிக் காட்டக் காட்ட, நான் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து முடித்தேன்.

மகள் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டி கட்டும்போது மனைவி போர்வையைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள். நான் கதவோரம் செய்தித்தாள் படிக்கிற மாதிரி நின்றேன். மகள் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினாள். குனிந்து பூதத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"நைனா" என்றாள். "இன்னாத்துக்கு ரெண்டு கண்ணு வச்சிக்கிற?"

"பின்ன? பூதத்துக்கு எத்தினி கண்ணு?"

"இட்லி பூதத்துக்கு ஒண்ணு தான். இன்னொண்ண கயட்டி ஹார்பர் லைட்டுக்கு குட்த்துச்சே. பெரிப்பாவோட படகு வழி தெரிஞ்சி வரணும்னு."

எனக்கு அப்படி ஒரு கதை சொன்னதாகவே நினைவில்லை. அந்த நாள் மட்டும் நன்றாக நினைவிருந்தது. திடீரென்று காற்று மாறி மழையும் பிடித்துக்கொள்ள, அண்ணன் போன படகு மாலைவரை திரும்பவில்லை. குப்பமே கரையில் நின்றது. ஐந்து வயது மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நானும் நின்றேன். தூரத்தில் துறைமுகத்து விளக்கு எரிந்ததும் அவள் ஏதோ கேட்டாள், நான் ஏதோ சொன்னேன். மறுநாள் காலையில் இன்ஜின் பழுதான படகைக் காசிமேட்டுக்கு இழுத்து வந்தார்கள், அண்ணன் பசியோடு இறங்கி வந்தார். அதற்குப் பிறகு அந்த மாலையைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதில்லை.

"அதெல்லாம் ஞாபகம் வச்சிக்கிறியா?" என்றேன்.

"அன்னிக்கு நீ அய்துகினே சொன்ன நைனா."

"யார் சொன்னா? நீ என் தோள் மேல இருந்த. என் மூஞ்சி உனக்கு எப்டி தெரியும்?"

"மய நின்னு போச்சி. என் கால்ல மட்டும் சொட்டிகினே இருந்துச்சி."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அன்று அழுதது அவளுக்கே தெரியாது. மகள் அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள். போர்வையைத் தன் மடியில் இழுத்து நடுச் சதுரத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னலின் நூல் அறுபடாமல், ஒரு கண்ணை மட்டும் பிரித்தெடுத்தேன்.