எங்கள் கடையில் மட்டும் ஓடும் சிடி

சிடி எழுதிக் கொடுக்கும் தொழிலில் கம்ப்யூட்டரை விட வாசலைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது, வாங்கிப் போனவர் திரும்பி வருகிறாரா என்று. கம்ப்யூட்டர் கடைகளில் உட்கார்ந்து தேயும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான், "மூணு மாசம் பாப்போம்" என்ற நிபந்தனையின்பேரில் தென்காசியில் ஒரு கடையில் சேர்ந்தேன். கோர்ட்டும் கல்யாண வீடுகளும் இன்னும் சிடி கேட்பதால் பிழைக்கும் கடை அது.

ஒரு டிரைவ், இரண்டு முதலாளி

கடையின் பழைய கம்ப்யூட்டரில் சிடி எழுத இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று ஒழுங்காக எழுதி, கடைசியில் எந்த மிஷினிலும் ஓடும்படி சிடியை முடித்துவிடும், கடைப் பேச்சில் 'மூடிவிடும்'. இன்னொன்று சிடியைப் பென் டிரைவ் மாதிரி ஆக்கிவிடும். ஃபைல்களை இழுத்துப் போட்டால் போதும். சிடியைச் செருகியதும் இது ஓடிப்போய் டிரைவைப் பிடித்துக்கொள்ளும். மற்றது பாதியில் நிற்கும், சிடி பாழ். இழுத்துப் போட்ட சிடியோ, மூடாமல் விட்டால் வேறெங்கும் திறக்காது.

முதலாளி அண்ணாச்சிக்கு இழுத்துப் போடுவதுதான் பிடிக்கும். மூட மாட்டார். எழுதிய சிடியை அதே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துத் திருப்திப்படுவார். அந்த மென்பொருளை நீக்கிவிடலாமா என்று பயந்து பயந்து கேட்டேன்.

"இங்கன ஓடுதுல்லா? பொறவு என்னலே?"

காலி சாட்சி

விபத்து வழக்குக்காக ஒரு வக்கீல் குமாஸ்தா கேமரா பதிவை எழுதி வாங்கிப் போனார். கோர்ட்டில் சிடி காலியாகக் காட்டியதாம். இப்படி வருகிறவர்களிடம் "உங்க மிஷின்லதான் கோளாறு" என்று சொல்ல வேண்டும் என்பது அண்ணாச்சியின் உத்தரவு. எனக்கு நாக்கு புரளவில்லை. "தப்பு எங்க மேலதான் சார்" என்றேன்.

"தானா ஒத்துக்கிடுத ஆள இப்பத்தான் பாக்கேன். ஆனா தம்பி, எனக்கு வாக்குமூலம் வேண்டாம், சிடிதான் வேணும்."

வயலுக்கு உதவியது

இன்னொரு தடவை ஒத்துக்கொண்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் அண்ணாச்சி. மறுவாரம் சுரண்டை விவசாயி ஒருவர், மகள் கல்யாண சிடி ஓடவில்லை என்று வந்தார். நான் பொய்யும் சொல்லாமல், மெய்யும் சொல்லாமல், வேறு சிடி எழுத முயன்று மூன்றைப் பாழாக்கினேன். பறவைகளை விரட்ட வயலில் கட்டலாம் என்று அவர் அந்த மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒங்க சிடியப் பாத்து காக்காவாவது பயப்படும். எங்க வீட்டு டிவி கண்டுக்கவே மாட்டேங்குது."

ஐந்தருவியிலிருந்து ஒரு குடும்பம்

சாரல் தொடங்கியதும் அண்ணாச்சி செங்கோட்டைச் சம்பந்தி குடும்பத்தோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார். அந்தத் துணிச்சலில் நான் இழுத்துப் போடும் மென்பொருளை நீக்கினேன். அதன் பிறகு எழுதிய சிடி எல்லாம் பக்கத்துக் கடை பிளேயரிலும் ஓடியது. மத்தியானம் ஈரத்தலையோடு அத்தனை பேரும் கடைக்கு வந்துவிட்டார்கள். முன்பு தானே எழுதி வைத்திருந்த மகன் கல்யாண சிடியை, சம்பந்திக்குக் காட்ட, தன் கையாலேயே போட்டார் அண்ணாச்சி. திறக்கவில்லை. என் மூன்று மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது.

"நான்தான் அந்த மென்பொருள எடுத்தேன், அண்ணாச்சி. இந்த சிடிய நீங்க மூடல. திரும்ப அதை ஏத்தி, மூடிட்டா எங்கயும் ஓடும்" என்றேன். சொன்னபடி செய்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் திரையில் வந்தார்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. சம்பந்தி அண்ணாச்சியையே பார்த்தார்.

"அப்போ சம்பந்தி, நீங்க குடுத்த சிடி ஓடாதப்ப எங்க பிளேயர்ல கோளாறுன்னு சொன்னத நம்பி ரெண்டு புது பிளேயர் வாங்குனோமே, அது எதுக்கு?"

அண்ணாச்சி துண்டால் தலையை வெகுநேரம் துவட்டினார். பிறகு சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஏலே, நாளைக்கி கடைய நீயே தொறந்துரு. நான் அருவியிலயே நிக்கேன்."

ஆறு நாளில் என் வேலை நிரந்தரமானது, நான் வாங்கிய பட்டத்தால் அல்ல, செங்கோட்டையில் சும்மா கிடக்கும் இரண்டு பிளேயர்களால்.