கைமருந்தின் மேல் வந்த பழி

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அதற்காகச் சொல்ல வந்ததை விட்டுவிடமாட்டேன். துறைமுகத்தடியில் என் கைமருந்தை அறியாதவர் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காயச் சரக்கு இடித்துக் கொடுக்கச் சொல்லிக் கிண்ணியாவிலிருந்தும் பாலம் கடந்து ஆள் வரும்.

என் கடைசி மகள் அந்தக் காலத்தில் ஓட்டக்காரி. விடியற்காலையில் கடற்கரை மணலில் அவள் ஓடினால், கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பார்ப்பார்கள். "உன்ர பெட்டைக்குக் காலில மோட்டரே பூட்டியிருக்கு?" என்று என்னைக் கேலி செய்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அவளைப் பழக்கிய மாஸ்டர் சத்துக் குளிசை என்று கொண்டுவந்து தினமும் விழுங்கக் கொடுத்தார். சில மாதங்களில் அவளுடைய குரல் தடித்தது, மாதவிலக்கு நின்றது. ஓட்டம் கூடினால் அப்படித்தான் என்றாள். நம்பினேன். நின்றதை வரவழைக்க எள்ளும் பனங்கட்டியும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன்.

பிறகு கொழும்பில் ஒரு போட்டி முடிந்ததும் சோதித்துப் பார்த்தார்கள். அவள் உடம்பில் ஊக்கமருந்து இருந்தது. மாஸ்டர் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் இருந்தார்.

"அம்மா, நீங்கள் குடுத்த நாட்டு மருந்தில ஏதோ கலந்துபோச்செண்டு விசாரணையில ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிள்ளைக்குத் தடை குறையும்."

"அப்ப நீங்கள் குடுத்த குளிசை?"

"அந்தக் கதையை விடுங்கோ. நான் போனா மற்றப் பெட்டையளின்ர பயிற்சியும் நிண்டுபோகும்."

மற்றப் பெட்டைகள் என்றதும்தான் எனக்கு உறைத்தது. அவர்களுக்கும் அதே குளிசைதானே. மகள் பக்கம் திரும்பினேன்.

"தெரிஞ்சுகொண்டோ விழுங்கினனீ?"

"முதல் தெரியாது. குரல் மாறினாப் பிறகு தெரியும். விட மனம் வரேல்ல. ஒரு சொல்லுத்தானே அம்மா, சொல்லுங்கோவன்."

"ஏலாது" என்றேன். விசாரணையில் குளிசையைப் பற்றித்தான் சொன்னேன். மாஸ்டர் மைதானத்தை விட்டுப் போனார். மகளுடைய ஓட்டமும் அதோடு முடிந்தது.

கொடுத்தவர் செய்தது பாவம். அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. தெரிந்த பிறகும் விழுங்கியவளைக் குற்றமில்லாதவள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் ஊரே கைதட்டும்போது, சின்ன வயதில், எந்தப் பிள்ளைக்கு நிறுத்த மனம் வரும்? கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அன்று மறுத்தது மற்றப் பெட்டைகளுக்காகவா, என் கைமருந்தின் பெயருக்காகவா என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

அவளுக்குக் கலியாணம் நிலைக்கவில்லை, பிள்ளை தங்கவில்லை. இப்போது என்னோடுதான் இருக்கிறாள். பழைய குரல் திரும்பவேயில்லை. தொலைபேசியில் அவளை "அண்ணை" என்பார்கள். திருத்தாமல் கதைத்து முடிப்பாள். எனக்குச் சோறு போடுகிறாள், கால் பிடித்துவிடுகிறாள். அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் இன்றுவரை கதைத்ததில்லை.

மகள் குசினியில் சமைக்கிறாள். மகனின் மகள் பக்கத்தில் இருக்கிறாள். இவ்வளவும் எழுதிய தாளை அவளிடம் நீட்டினேன்.

"இதை ஒருக்கா வாசி, பிள்ளை."

"மெதுவாவோ, அப்பம்மா?"

"இல்லை, சத்தமா வாசி. குசினியில நிக்கிற உன்ர மாமிக்குக் கேக்கோணும்."