எங்கள் மெயினை மட்டும் அணைத்தேன்

முருகனை நம்பும் சொந்தங்களே, அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிடும்.

போன கார்த்திகை மாதத்துப் புயல் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கேயோ கடலில் கிளம்பியது, தங்கவயல் வரைக்கும் வந்து எங்களை உலுக்கிவிட்டுப் போனது. தங்கவயலில் ஊரிகம் பகுதியில் எங்களுடையது லைன் வீடு. சுரங்கக் காலத்தில் கட்டிய வரிசை. வீட்டுக்கு வீடு சுவர் பொது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தகரக் கூரையும் ஒன்றுதான். காற்று அந்தக் கூரையைப் பிடித்து ஆட்டத் தொடங்கியதும் அப்பா, அம்மா, நான் மூவரும் பங்காருபேட்டை அத்தை வீட்டுக்குப் போய்விட்டோம்.

மழை விட்டது. அன்று கிருத்திகை. வீட்டில் வேலுக்கு முன்னால் விளக்கு எரியாமல் கிடக்கிறதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிலும் நான் அப்படித்தான், பஸ் நிற்பதற்குள் இறங்குகிற ஆள். "தண்ணி வடியட்டும்டி, நாளைக்குப் போலாம்" என்றார் அம்மா. கேட்கவில்லை. அப்பாவை மட்டும் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், புயலுக்குப் பிறகு வீடு திரும்புகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று அன்று காலையில்தான் நம் கோயில் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். நான் அனுப்பியதை நானே முழுசாகப் படிக்கவில்லை.

வாசலில் வந்து பார்த்தால் எங்கள் கூரையின் ஒரு தகரம் பிய்ந்து கதவுக்குக் குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் சேறு. எல்லாம் தெரிந்தவள் மாதிரி காய்ந்த குச்சி ஒன்றைத் தேடி எடுத்து, வெளிச்சுவரில் இருந்த எங்கள் மெயின் சுவிட்சைத் தள்ளி அணைத்தேன். அப்பா அசையாமல் நின்றார்.

"இரும்மா. லைன்மேன் வந்து பாத்துட்டுப் போவட்டும். தெரு லைட்டு எரியுது பாரு, கரண்ட்டு வந்துட்டுக்கீது."

"அதான் மெயின ஆஃப் பண்ணிட்டேனேப்பா! தாத்தா சுரங்கத்து கேஜ்ல ஏறி பாதாளத்துக்கே போய் வந்தாரு. நீ இன்னாடான்னா ஒரு தகரத்தப் பாத்து பயப்படற."

எதிர் வரிசை செல்வி அக்கா துடைப்பத்தோடு நின்று சிரித்தார். "இன்னாண்ணா, உங்க பொண்ணு உங்களயே வாரறா?"

அப்பாவும் சிரித்துவிட்டார். "சரிங்க எஞ்சினியரம்மா, நீங்க சொன்னா சரிதான்." சொல்லிக்கொண்டே தகரத்தைத் தூக்கக் கை வைத்தார்.

அந்தக் கை திரும்பி வரவில்லை. விரல்கள் தகரத்தை இறுக்கிக்கொண்டன. உடம்பு முழுக்க உதறியது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. நான் பாய்ந்தேன். செல்வி அக்கா பின்னாலிருந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினார். "தொடாதடி! நீயும் போயிடுவ!"

காய்ந்த கட்டையைத் தேடி அவர் வீட்டுக்குள் ஓடினார். நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த சுலோகம் ஒன்றும் வாயில் வரவில்லை. "முருகா, எங்கப்பாவ விட்டுடு. என் தப்பு. விட்டுடு" என்று கத்தினேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

தெரு விளக்கு அணைந்தது. அப்பா அப்படியே சரிந்தார்.

மூச்சு இருந்தது. அக்காவும் நானும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிறகுதான் நடந்தது விளங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மெயினை அணைக்காமலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வீட்டு ஒயர் அறுந்து கூரைக்கடியில் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டு மெயினை அணைத்தால் என் கூரையிலும் கரண்ட்டு இருக்காது என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இத்தனை குடும்பம் இருக்கிறோம், அது எனக்கு உறைக்கவில்லை.

லைன்மேனைத் தேடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தாண்ட தெருவுல போஸ்ட்டுல பொறி பறந்துச்சும்மா, அதான் ஆஃப் பண்ணேன். உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் கத்தினேன், கரண்ட்டு நின்றது. நான் சேற்றில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன்.

ஆனால் சொந்தங்களே, அப்பாவின் வலக்கை விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. பெங்களூரில் ஒரு பட்டறையில் லேத் மெஷினில் வேலை செய்தவர், இப்போது அதே பட்டறையில் பெட்டி ஒட்டுகிறார். காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

முருகன் என்னிடம் அன்று இரண்டு தடவை பேசினான் என்று இப்போது நம்புகிறேன். "இரும்மா" என்று அப்பா சொன்னது முதல் தடவை. அதைக் கிண்டல் செய்தேன். அதனால்தான் இரண்டாம் தடவை, கரண்ட்டை நிறுத்தி அவன் பேச, நான் அலறிக் கூப்பிட வேண்டிவந்தது. அத்தை வீட்டில் ஒரு விளக்கேற்றியிருந்தாலும் அவன் அங்கே வந்திருப்பான். என் அவசரத்துக்குப் பக்தி என்று பேர் வைத்துவிட்டேன்.

இப்போது பெரிய காற்றடித்து ஓய்ந்தால், எங்கள் லைனில் பூட்டிய வீடு எது என்று பார்த்து, அந்த வீட்டுக்காரர்களுக்கு முதலில் போன் போடுகிறேன். லைன்மேன் வந்து எல்லா வீட்டையும் பார்த்து முடிக்கும்வரை யாரையும் தகரத்தில் கை வைக்க விடுவதில்லை. "வந்துட்டாடா இன்ஸ்பெக்டரு" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நீங்களும் அவனைக் கூப்பிடுங்கள். என்னைப் போன்றவளுக்கே காது கொடுத்தவன், உங்களுக்குக் கொடுக்காமல் இருக்கமாட்டான். ஆனால் வீட்டுக்கு வெளியே, பத்திரமான இடத்தில் நின்று கூப்பிடுங்கள். உங்கள் வீட்டு ஆட்களையும் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.